பிடிக்குத் தண்டனையா, காயத்துக்குத் தண்டனையா?

பொங்கல் நெருங்கினால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சுவர்களில் மின்னொளி கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகள் ஏறிவிடும். முதல் பரிசு எவ்வளவு, கோப்பை யார் உபயம், நுழைவுக் கட்டணம் என்ன, எத்தனை கிலோவுக்கு உட்பட்டவர்கள் ஆடலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். அடியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: நடுவர் தீர்ப்பே இறுதியானது. ஆட்டம் சண்டையில் முடியாமலிருக்க அந்த வரி தேவைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எதை அளவுகோலாகக் கொண்டது என்பது நோட்டீசில் இருப்பதில்லை. பல நேரம் ஆடுகளத்திலும் இருப்பதில்லை. ஆபத்தான பிடி போட்ட ஆட்டக்காரருக்கு என்ன நேரும் என்று கேட்டால், அது பிடிபட்டவர் எழுந்தாரா, எழவில்லையா என்பதைப் பொறுத்தது என்பதே நடைமுறையில் கிடைக்கும் பதில். எழுந்துவிட்டால் அடுத்த ரெய்டு. எழாவிட்டால் தள்ளுமுள்ளு, ஆம்புலன்ஸ், போலீஸ். இந்த இரண்டுக்கும் நடுவே எதுவுமே இல்லாதது பாடிப் போகிறவருக்கும் அநீதி, பிடிக்கிறவருக்கும் அநீதி. தண்டனை பிடியின் ஆபத்தை அளக்க வேண்டும். காயத்தின் அளவைப் பார்த்துத் தண்டனையை நிர்ணயிக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

விதிப்புத்தகம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். பாடிப் போகிறவரின் கை கால்களையும் உடற்பகுதியையும் தவிர வேறெங்கும் வேண்டுமென்றே பிடிக்கக் கூடாது என்பது பழைய விதி. வாயைப் பொத்தியோ கழுத்தை நெரித்தோ பாட்டை நிறுத்துவது தவறு. கால்களைக் கத்தரிக்கோல் போலப் போட்டு மடக்குவது தவறு. மீறினால் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை 2 நிமிட வெளியேற்றம், சிவப்பு அட்டை ஆட்டத்திலிருந்தே நீக்கம். இத்தனையும் பிடித்த விதத்தைப் பார்க்கும் விதிகள். ஆனால் அதே பட்டியலில் இன்னொரு தவறும் உண்டு: உடலில் காயம் உண்டாக்கும் முரட்டுப் பிடி. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முரட்டுத்தனம் எது என்று விதி வரையறுப்பதில்லை. ஆகவே காயம் பட்டால் முரட்டுப் பிடி, படாவிட்டால் நல்ல பிடி என்று நடுவரும் கூட்டமும் பொருள் கொண்டுவிடுகிறார்கள். ஒருவரைத் தூக்கித் தலைகீழாகச் சரித்த பிடிக்கு, அவர் உதறிக்கொண்டு எழுந்தால், கைதட்டல் கிடைக்கிறது. அதே பிடியில் அடுத்த வாரம் இன்னொருவர் கழுத்து முறிந்தால் பிடித்தவர் கொலைகாரர் ஆகிவிடுகிறார். இரண்டு நாளும் அவர் செய்தது ஒன்றேதான்.

2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடந்த ஓர் ஆட்டத்தைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது. பாடிப் போன கல்லூரி மாணவர் பிடிக்க வந்தவரிடமிருந்து தப்பத் துள்ளினார், கீழே விழுந்தார், பிடிக்க வந்தவர் மேலே விழுந்தார். எழ முயன்றவர் அப்படியே சரிந்தார்; உயிர் பிழைக்கவில்லை. அந்தப் பிடி விதிமீறலா இல்லையா என்று தீர்ப்பளிப்பது இந்தக் கட்டுரையின் வேலையன்று. கவனிக்க வேண்டியது வேறு. அதே மாதிரித் துள்ளலும் அதே மாதிரி விழுதலும் எல்லா ஊர் ஆட்டங்களிலும் சர்வசாதாரணம். அவற்றை யாரும் குறித்து வைப்பதில்லை, யாரும் பேசுவதில்லை. ஓர் உயிர் போன பிறகு மட்டுமே பிடி என்பது பேசுபொருளாகிறது. அதுவும் சில வாரங்களுக்குத்தான்.

உடலின் இயல்பை அறிந்தால், காயத்தைக் கொண்டு குற்றத்தை அளப்பது எவ்வளவு தவறு என்பது தெளிவாகும். நெஞ்சுக்கூட்டின் மீது, இதயத்துக்கு நேர் மேலே விழும் அடி, இதயத் துடிப்பின் சுழற்சியில் சுமார் 20 மில்லிநொடியே நீடிக்கும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் பட்டால், எலும்பு எதுவும் முறியாமலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். மருத்துவ நூல்களில் கிரிக்கெட், பேஸ்பால், ஹாக்கி எனப் பல ஆட்டங்களில் இத்தகைய மரணங்கள் பதிவாகியுள்ளன. அதே வேகத்தில் அதே அடி ஒரு கணம் முன்போ பின்போ பட்டிருந்தால் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்திருப்பார்கள். கழுத்து விஷயமும் இப்படித்தான். தலை குனிந்த நிலையில் உச்சந்தலை தரையில் மோதினால் உடலின் முழு எடையும் கழுத்தெலும்பில் இறங்குகிறது. சில பாகை சாய்ந்து தோள் முதலில் பட்டால் சிராய்ப்போடு போகிறது. கபடியில் இந்த ஆபத்தைக் கூட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. கை இரண்டும் பிடிபட்டவர் விழும்போது கையை ஊன்ற முடியாது. ஆகவே அவர் எப்படி விழுவார் என்பது முழுக்கப் பிடித்தவர்கள் கையில் இருக்கிறது. சில பாகைச் சாய்வையும் மில்லிநொடியையும் பிடித்தவரால் கட்டுப்படுத்த முடியாது. எங்கே பிடிக்கிறோம், தூக்குகிறோமா, எழுந்த கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதைக் கட்டுப்படுத்த முடியும். ஒருவரால் கட்டுப்படுத்த முடிந்ததற்குத்தான் அவரைத் தண்டிக்க முடியும்.

இந்தக் கேள்வியோடு நீண்ட நாள் போராடியவர்கள் ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் உலகத்தினர். பாடிப் போகாமல் பந்தைச் சுமந்து போகிறார்கள் என்பதைத் தவிர, எதிரணி எல்லைக்குள் ஓடும் ஒருவரை மூன்று நான்கு பேர் மடக்கிச் சாய்க்கும் அந்த ஆட்டம் கபடிக்கு வெகு தூரத்து உறவில்லை. 2014 மார்ச் 24 அன்று மெல்போர்னில் நடந்த ஆட்டத்தில் நியூகாசில் அணியின் அலெக்ஸ் மெக்கினன் மூன்று பேரால் மடக்கப்பட்டுத் தூக்கப்பட்டார். தலை முதலில் தரையில் பட்டு, கழுத்து முறிந்தது. 22 வயது, அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை, சக்கர நாற்காலியில்தான் வாழ்கிறார். மூவரில் ஜோர்டன் மெக்லீன் என்ற ஒருவர் மீதுதான் குற்றம் சாட்டப்பட்டது. ஏழு ஆட்டங்களுக்குத் தடை. ஒரு வாழ்க்கை குலைந்ததற்கு ஏழு ஆட்டமா என்று ஒரு பக்கம் கொதித்தது. அதே அளவு உயர்த்திச் சரித்த பிற பிடிகளுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு, மெக்கினன் எழுந்திருந்தால் இந்த ஏழும் இருந்திருக்குமா என்று மறுபக்கம் கேட்டது. இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. ஆனால் முதல் கேள்விக்கு எந்த எண்ணாலும் பதில் சொல்ல முடியாது. ஏழு போதாதென்றால் எழுபதும் போதாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும், அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

அவர்கள் உருவாக்கிய அளவுகோலில் குறைகள் பல இருந்தாலும் அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. தூக்கிய உடல் கிடைமட்டத்தைத் தாண்டியதா, தலை முதலில் இறங்கியதா, உயரமான பிடியில் தோளோ கையோ தலையைத் தொட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடிய கேள்விகள் முதலில். பிறகு அது கவனக்குறைவா, அலட்சியமா, வேண்டுமென்றே செய்ததா என்ற தரம். 2021 வரை இருந்த முறையில் ஒவ்வொரு தரத்துக்கும் புள்ளிகள். 100 புள்ளிக்கு ஓர் ஆட்டம் தடை. முன்பே அதே குற்றம் செய்திருந்தால் கூடுதல். தவறை உடனே ஒப்புக்கொண்டால் கால்வாசி தள்ளுபடி. உடனே ஒப்புக்கொண்டால் தள்ளுபடி என்பது, குற்றமற்றவரையும் வாதாடாமல் ஒப்புக்கொள்ளத் தூண்டும் என்பது என் கருத்து. அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2022இல் சிறு குற்றங்களுக்குத் தடைக்குப் பதில் அபராதம் கொண்டுவந்தார்கள். அதுவும் நமக்கு உதவாது. வாரக் கூலிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு ஞாயிறன்று ஆட வருகிறவருக்கும் பணக்காரப் புரவலர் உள்ள அணிக்கும் ஒரே அபராதம் ஒரே தண்டனை ஆகாது. தடைதான் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்கும்.

கபடிக்கு இந்தக் கேள்விகளை மாற்றி எழுதுவது கடினமில்லை. கை பட்ட இடம் கழுத்தா, தலையா? பாடிப் போனவரின் இரண்டு காலும் தரையைவிட்டு எழுந்து இடுப்பு தலைக்கு மேலே போனதா? அவர் ஏற்கெனவே விழுந்து, விசிலும் ஊதிய பிறகு யாராவது முழங்காலை ஊன்றியபடி மேலே விழுந்தாரா? தூக்கியவர் கீழே இறக்க முயன்றாரா, கையை விட்டாரா? இவற்றில் எதற்கும் மருத்துவச் சான்று தேவையில்லை. நடுவரும் இரண்டு துணை நடுவர்களும் கோட்டருகே நின்றே சொல்லலாம். கழுத்துப் பிடிக்கு ஓர் ஆட்டம், தலைகீழாகச் சரித்ததற்கு மூன்று, விசிலுக்குப் பின் முழங்காலூன்றியதற்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் என் யோசனை மட்டுமே. அனுபவமுள்ள நடுவர்கள் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். எண்கள் ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்தான் நான் பிடிவாதமாக நிற்கிறேன். மெக்கினன் விஷயத்தில் மூவர் தூக்க ஒருவர் மட்டும் தண்டிக்கப்பட்டது போன்ற குழப்பமும் நமக்கு இன்னும் அதிகம். கார்னர் ஆட்டக்காரர் கணுக்காலைப் பிடிப்பார், கவரில் நிற்பவர் இடிப்பார், செயின் போட்ட இருவர் மேலே சாய்வார்கள். இதில் கணுக்காலைப் பிடித்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்தவர். காயத்தைப் பார்த்துத் தண்டித்தால் முதலில் கை வைத்த அவரும் சேர்ந்து மாட்டுவார். செயலைப் பார்த்தால் யார் எதைச் செய்தார் என்று பிரிக்க முடியும்.

இதற்கு எழும் மிக வலுவான எதிர்வாதம் நம் மரபிலிருந்தே வருகிறது. கன்று இறந்ததற்காகத் தன் மகன் மீதே தேரை ஏற்றிய மனுநீதிச் சோழனை நீதியின் உருவமாகப் போற்றி, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் வைத்திருக்கிறோம். இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை. ஆனால் தாய்ப்பசுவின் இழப்பு உண்மை. இழப்பை எடையில் சேர்க்காத நீதி நீதியா என்று இறந்த பையனின் வீட்டார் கேட்டால் என்ன பதில்? அந்தக் கதையில் நாம் வணங்குவது, மகன் என்றும் பாராமல் அரசன் நடந்துகொண்டதை. அந்தப் பாரபட்சமின்மைதான் நமக்கும் வேண்டும்: பரிசுத்தொகை தந்தவரின் தெருப் பையன் பிடித்தாலும் வெளியூர் அணிப் பையன் பிடித்தாலும் ஒரே எண். இழப்புக்குச் செய்ய வேண்டியது தனி. அது மருத்துவச் செலவு, காப்பீடு, குடும்பத்துக்கு ஆதரவு. அதைப் போட்டி நடத்துகிறவர்கள் ஆட்டத்துக்கு முன்பே ஏற்றிருக்க வேண்டும். பிடித்த பையனுக்குக் கூடுதல் தடை போடுவதால் மருத்துவமனைக் கட்டணம் குறைவதில்லை. 2021 ஆகஸ்டில் ரக்பி லீக் ஆட்டம் ஒன்றில் லட்ரெல் மிட்செலின் பிடியில் ஜோசப் மனு என்பவரின் கன்ன எலும்பு நொறுங்கியபோது, மனு திரும்பி ஆடும்வரை மிட்செலும் வெளியே இருக்கட்டும் என்ற குரல் ஆஸ்திரேலியாவிலும் எழுந்தது. கிடைத்தது ஆறு ஆட்டத் தடை. காயம் ஆறும் நாள் வரை தண்டனை என்று வைத்தால், எலும்பு சீக்கிரம் கூடும் இளைஞரைத் தாக்கியவர் அதிர்ஷ்டசாலி ஆகிவிடுவார்.

கபடி என்றாலே முரட்டு ஆட்டம்தான், அட்டைக்குப் பயந்தால் பிடிக்கிறவர் கையே நீளாது என்பது அடுத்த வாதம். ரக்பி லீகிலும் இதையே சொன்னார்கள். 2021 மே மாதம் பிரிஸ்பேனில் ஒரே வார இறுதியில் எல்லா ஆட்டங்களும் நடந்தபோது, தலையில் படும் பிடிகளை ஒடுக்கத் திடீரென முடிவெடுத்து நடுவர்கள் ஆட்டக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினார்கள். ஆட்டம் செத்துவிட்டது என்று ஓலமெழுந்தது. ஆட்டம் சாகவில்லை. ஆனால் அந்த ஓலத்திலும் ஒரு நியாயம் இருந்தது: பருவத்தின் நடுவில், முன்னறிவிப்பு போதாமல் அளவுகோலை மாற்றினார்கள். அளவுகோல் முன்பே தெரிந்திருந்தால் பிடிக்கிறவர் பயிற்சியிலேயே தன்னைத் திருத்திக்கொள்வார். நல்ல கணுக்கால் பிடி, நல்ல தொடைப் பிடி, நேராக நெஞ்சு நிமிர்த்திப் போடும் பிளாக் எதற்கும் இங்கே தடையில்லை. தமிழ்நாட்டின் பெயர் பெற்ற தடுப்பாட்டக்காரர்கள் பெயர் எடுத்தது காலைப் பிடித்துத்தான். கழுத்தைப் பிடித்து யாரும் பெயர் எடுத்ததில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். இன்று சிவப்பு அட்டை வாங்கியவர் அந்தப் போட்டியை மட்டுமே இழக்கிறார். அடுத்த ஞாயிறு வேறொரு அணிக்குக் கெஸ்ட் ஆட்டக்காரராக வேறொரு களத்தில் இறங்குவார். அங்குள்ள நடுவருக்கு எதுவும் தெரியாது. நம் வட்டாரத்தில் இது இன்னும் மோசம். 2018இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது அம்பத்தூர் சென்னைக்குள் போயிற்று; ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தங்கின. மாவட்டவாரியாக இயங்கும் விளையாட்டுச் சங்கங்களில், ஒரே சாலையில் சில நிமிடத் தொலைவில் இருக்கும் இரண்டு ஆடுகளங்கள் இரண்டு நிர்வாகங்களுக்குக் கீழே வந்துவிடும். அம்பத்தூரில் விதித்த தடை திருமுல்லைவாயில் தாண்டினால் செல்லாக்காசு. போலீசுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2022 தொடக்கத்திலிருந்து இந்த வட்டாரம் முழுவதும் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கிறது. தடைப்பட்டியலைப் போலீஸ் வைத்துக்கொள்ளலாகாது, அது ஆட்டத்தின் வேலை. ஆனால் போட்டிக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களிடம், இரண்டு மாவட்டச் சங்கங்களும் ஒப்புக்கொண்ட பொதுத் தடைப்பட்டியலைப் பின்பற்றுவோம் என்ற உறுதியைக் கேட்கலாம். ஸ்கோர் தாளோடு நடுவர் எழுதும் அரைப்பக்க அறிக்கையும், யூடியூபில் நேரலையாக ஓடிய காணொளியும் இருந்தால் விசாரணைக்குப் போதும்.

மேலிருந்து ஒழுங்கு வரட்டும் என்று காத்திருப்பது வீண். தேசியக் கபடிக் கூட்டமைப்பு 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நிர்வாகி ஒருவரின் கைக்குப் போய், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்தின் கைக்குத் திரும்ப 2025இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில், பவன் செராவத் லாபிக்குள் போன ஒரு ரெய்டுக்குப் பழைய விதியா புதிய விதியா என்று தெரியாமல் இந்தியாவும் ஈரானும் நெடுநேரம் களத்திலேயே உட்கார்ந்திருந்ததை உலகம் பார்த்தது. உச்சியிலேயே இரண்டு விதிப்புத்தகம் இருக்கும்போது, கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்வதுதான் வேகமான வழி.

தடை ஒருவரின் பிழைப்பில் கைவைக்கும் என்பது உண்மை. ரயில்வேயிலும் காவல்துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்பது இந்த வட்டாரப் பையன்கள் பலரின் கனவு. தேர்வு நடக்கும் மாதத்தில் மூன்று ஆட்டத் தடை ஒரு வேலையையே பறிக்கலாம். அதனால்தான் தடை விதிக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், மேல்முறையீடு ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டும், தடை மாதக்கணக்கில் இல்லாமல் ஆட்டக்கணக்கில் இருக்க வேண்டும். இன்றைய நிலையில் அந்தப் பையனுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பிடிபட்டவர் இறந்தால் அவர் நேரே காவல் நிலையத்தில் நிற்கிறார். தன் பிடி விதிக்குட்பட்டது என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை. ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்ட அளவுகோலும், அதைக் கொண்டு அன்றே நடுவர் எழுதிய அறிக்கையும், விதிப்படி பிடித்த பையனுக்கு முதல் சாட்சியாகும்.

சட்டம் இந்தப் பாதையை எப்போதோ காட்டிவிட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 87ஆம் பிரிவில், பொழுதுபோக்காக வாள்பயிற்சி செய்யச் சம்மதித்த இருவரை உதாரணமாகக் காட்டுகிறது: முறைகேடின்றி ஆடும்போது ஏற்படும் காயத்துக்கு அந்தச் சம்மதம் பொருந்தும், ஆகவே முறையாக ஆடியவர் குற்றவாளி அல்ல. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவும் அதுவே. காயம் பட்டதா என்று கேட்டு நிற்காமல், முறையாக ஆடினாரா என்று கேட்கிறது சட்டம். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: சம்மதம் தந்தவர் 18 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும். நம் வட்டாரப் போட்டிகளில் எடைப் பிரிவில் இறங்கும் பலர் பள்ளி மாணவர்கள். எடை பார்க்கத் தராசு இருக்கிறது, வயது பார்க்க யாரும் ஆதார் கேட்பதில்லை. அபாயத்துக்கு அவர்கள் தரும் சம்மதத்தை இந்தப் பிரிவு ஏற்காதபோது, பெரியவர்களுக்குள்ள அதே 2 நிமிட வெளியேற்றத்தை அவர்கள் ஆட்டத்திலும் வைத்திருக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? வரும் பருவத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் சாத்தியம் என்றால் அது இங்கே தொடங்கட்டும்: 18 வயதுக்குட்பட்டோர் களத்தில் கழுத்தில் கை விழுந்தாலோ, பையனைத் தலைகீழாகச் சரித்தாலோ, அவன் சிரித்துக்கொண்டே எழுந்தாலும், நேரே சிவப்பு அட்டை, அந்தப் பெயர் அன்றிரவே இரண்டு மாவட்டத்து நடுவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.